வயதான ஆயாவுக்குப் பாலியல் வன்கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தால், முதலில் தட்ட வேண்டியது எந்தக் கதவு?

பாவாடை நாடாவைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. எங்கள் சின்ன ஆயாவுக்கு (பாட்டியை நாங்கள் ஆயா என்போம்) 74 வயது. வேலூர் ஜில்லாவில் அணைக்கட்டு தாண்டி உள்ளே ஒரு ஊர், பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கை சரியாக வராது, மகன்கள் இரண்டு பேரும் பெங்களூரில். மாதத்துக்கு ஒரு தடவை நான் போய்க் குளிப்பாட்டி, தலை வாரிவிட்டு, இரண்டு நாள் கூட இருந்துவிட்டு வருவேன். அந்தத் தடவை நாடாவில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று முடிச்சு. ஒரு கையாலும் பல்லாலும் இழுத்துக் கட்டியிருக்கிறாள், நகத்தால் பிரிக்கவே முடியவில்லை. கத்தரிக்கோல் எடுத்து வந்தேன், கையைத் தட்டிவிட்டாள். "அது கட்டினாப்புலயே இருக்கட்டும், நீ போ."

மீதி அன்று ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மாதாமாதம் 1,200 ரூபாய் முதியோர் பணம் எடுக்க வண்டியில் உட்கார வைத்து பேங்க்குக்குக் கூட்டிப் போகிற ஆள்தான். பங்காளி முறை. ஊரில் நல்ல பேர். "அந்த ஆளு வந்தா முன்னாடியே சொல்லு, நான் பின்னால போய்ட்றேன்" என்று ஆயா சொன்னதை அதற்கு முந்தின மாதமே கேட்டிருக்கிறேன், பணத் தகராறு ஏதோ என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு மாதத்தை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

சரி, அடுத்து என்ன? மறுநாள் வீட்டில் ஐந்து பேர், நாலு யோசனை. பெரிய மாமா ஊரிலேயே பேசி முடித்துவிடலாம் என்றார். சின்ன மாமா நேரே ஸ்டேஷன் என்றார். என் தம்பி பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடு என்றான். சம்பந்தி ஒருத்தர், முதியோருக்குத் தனிச் சட்டமே இருக்கிறது, ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனுக் கொடுங்கள் என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆயாவின் புடவை, பாவாடை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துப் போய் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப் போட்டுவிட்டாள், பாசத்தில்தான். ஆஸ்பத்திரி என்று யார் வாயிலும் வரவில்லை, என் வாயிலும்தான். இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமே அதுதான். ஆஸ்பத்திரியையும் சேர்த்து ஐந்து வழியையும் நாங்கள் அரைகுறையாகவாவது தொட்டுப் பார்த்தோம், எது எதற்கு உதவும், எது உதவாது என்று இப்போது தெரியும்.

ஊர்ப் பேச்சு வார்த்தையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பாதிக் குடும்பங்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அதை மட்டமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், பங்காளியோடு வரப்புத் தகராறு ஏற்கெனவே இருக்கிறது, கேஸ் என்று போனால் அதற்காகத்தான் இந்தக் கதையைக் கட்டிவிட்டார்கள் என்பார்கள். ஆயாவே "விடுடி, சாகப்போற கட்டைக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிறாள். இவையெல்லாம் உண்மையான பயங்கள். ஆனால் பேசி முடித்தால் கையில் என்ன வரும்? ஒரு தொகை, காலில் விழுந்து ஒரு மன்னிப்பு, ஒரு வெள்ளைத் தாளில் நாலு பேர் கையெழுத்து. பாலியல் வன்கொடுமை சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமே இல்லை, அந்தத் தாளுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. அந்த ஆள் அதே தெருவில், அதே வண்டியில் போய்க்கொண்டிருப்பான். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது: நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அவன் கடைசியாக வந்தது வெள்ளிக்கிழமை ராத்திரி. நான் போனது சனிக்கிழமை. நாங்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தது செவ்வாய்க்கிழமை மதியம். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், அது தாண்டிவிட்டது. உடம்பிலிருந்து தடயம் எடுக்க மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 நெறிமுறை 96 மணி நேரம் வரை சொல்கிறது, அதில் சில மணி நேரம்தான் மிச்சம். துணி எல்லாம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அதனால்தான் என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு எந்தக் கதவை வேண்டுமானாலும் தட்டலாம், அது மூடாது. பெரிய வன்கொடுமை வழக்குகளுக்குக் காலாவதி கிடையாது, ஸ்டேஷனுக்கு அடுத்த வாரமும் போகலாம், தடயமும் மாத்திரையும்தான் காத்திருக்காது.

எந்த ஆஸ்பத்திரி? வேலூர்க்காரர்களுக்கு மூக்கு ஒழுகினாலும் சி.எம்.சி. ஞாபகம்தான் வரும். சட்டப்படி அதில் தப்பில்லை, அரசு ஆஸ்பத்திரி தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனே இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும், போலீசுக்கும் தகவல் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) இது 397-வது பிரிவு. மறுத்தால் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ஆனாலும் மருத்துவச் சான்று நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகப்போகிறது என்பதால் நாங்கள் கணியம்பாடிப் பக்கம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம், அதையே இன்றும் சொல்வேன். கிளம்பும் முன் குளிப்பாட்டாதீர்கள். நடந்த அன்று கட்டியிருந்த துணி, டயபர், விரிப்பு எதையும் துவைக்காமல் தனித்தனியாகப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிக் கெட்டுப்போகும். எங்களைப் போலத் துவைத்துவிட்டிருந்தாலும் போங்கள். காயம் இல்லை என்று டாக்டர் எழுதினாலும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. வயதானவர்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு உள்தோல் மெலிந்து சுலபமாகக் கிழியும் என்பது எவ்வளவு உண்மையோ, காயமே தெரியாமல் போகலாம் என்பதும் அவ்வளவு உண்மை. இன்னொரு பக்கம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சும்மா தொட்டாலே கன்றிப்போகும், எங்கள் ஆயாவும் சாப்பிடுகிறாள். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டியது நல்லதாகப் போயிற்று, தொடையில் இருந்த விரல் தடத்தையும் முழங்கையில் இருந்த பழைய கன்றலையும் அவர் வேறு வேறாக எழுதினார்.

இரு விரல் பரிசோதனை என்று பழைய கொடுமை ஒன்று உண்டு. அது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லி, 2022-ல் இனி யார் செய்தாலும் ஒழுங்கீனம் என்று மறுபடியும் சொன்னது. யாராவது ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லலாம்.

அங்கே ஒன்று நடந்தது. சம்மதப் படிவத்தில் ஒப்புதல் வாங்க வந்தவர், வயதைப் பார்த்ததும் மை டப்பாவைத் திறந்து ஆயாவின் கட்டை விரலைப் பிடித்தார். ஆயா விரலை இழுத்துக்கொண்டு, "பேனா குடு" என்றாள். வலது கைதான் நன்றாக இருக்கிறதே. முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டி எழுதி, கீழே ஒரு கோடும் போட்டாள். மூன்று நாளாக அவளைப் பற்றி ஐந்து பேர் முடிவெடுத்துக்கொண்டிருந்தோம், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. இது போக்சோ இல்லை, ஆயா குழந்தை இல்லை. பரிசோதனைக்கு அவள் சம்மதம் வேண்டும். சிகிச்சை மட்டும் போதும், கேஸ் வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை இருக்கிறது, ஆஸ்பத்திரி தகவல் சொல்லும்போது அதையும் எழுதித்தான் அனுப்ப வேண்டும். மறதி நோய் முற்றி, கேட்பது புரியாத நிலையில்தான் அவருக்காகச் சம்மதம் தரத் தகுதியுள்ள வேறொருவர் வர முடியும்.

ஸ்டேஷனுக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் நாங்கள் ஆஸ்பத்திரிக்கு முந்தின நாள், திங்கட்கிழமையே ஒரு ஸ்டேஷனுக்குப் போனோம். ஆயாவையும் ஆட்டோவில் ஏற்றிப் போனோம், அது முதல் தப்பு. பெண்களையும் உடல் முடியாதவர்களையும் விசாரணைக்காக அவர்கள் இருக்கும் இடத்தை விட்டு வெளியே வரச் சொல்லக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அங்கே இருந்தவர் முழுக்கக் கேட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "வயசானவங்கம்மா, ஏதாச்சும் கனவு கண்டிருப்பாங்க, நாளைக்கு அந்த ஆளைக் கூப்ட்டு விசாரிக்கிறோம்" என்று சொல்லி, ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பினார். அந்தத் துண்டுச் சீட்டைக் கேஸ் பதிவாகிவிட்டது என்று நினைத்துப் பத்திரமாக மடித்து வைக்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். சி.எஸ்.ஆர். என்றால் மனு வந்தது என்பதற்கு ரசீது, அவ்வளவுதான். வேண்டியது எஃப்.ஐ.ஆர். இந்த மாதிரிக் குற்றத்தில் புகார் வந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 2013-ல் வந்த உச்ச நீதிமன்றத்தின் லலிதா குமாரி தீர்ப்பு. பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கிற அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.ஸின் 199-வது பிரிவு. இந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சண்டை போடத் தேவையில்லை, மெதுவாகச் சொன்னாலே எதிரே இருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போனது. புதன்கிழமை காலை பெண் எஸ்.ஐ. ஒருவர் வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு ஆயா சொன்னதை எழுதினார். அன்றே எஃப்.ஐ.ஆர். திங்கட்கிழமை நாங்கள் சொன்ன அதே விஷயம்தான், ஆனால் சொன்னது டாக்டர். அது சரியில்லைதான், இருந்தாலும் நடப்பு அதுதான். ஆஸ்பத்திரி முதலில் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டேஷன் விஷயத்தில் நம் ஜில்லாவுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. 2019-ல் வேலூரை மூன்றாகப் பிரித்ததிலிருந்து, "இது ராணிப்பேட்டை லிமிட்டு", "அது திருப்பத்தூர்ல போய்க் குடுங்க" என்று அலைய விடுவது சுலபமாகிவிட்டது. எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் வாங்கி, எல்லைக்குரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை, ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். பெங்களூரில் இருக்கிற மகன் ஆன்லைனிலேயே புகார் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் போதும். அப்படியும் பதியவில்லை என்றால் எஸ்.பி.க்கு எழுதுவது, அதற்கும் மேல் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

181 பற்றித் தம்பி சொன்னது தப்பில்லை. ராத்திரி பத்து மணிக்கு, பக்கத்தில் யாருமில்லாமல், யாரிடம் சொல்வது என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவருக்கு அதுதான் முதல் கதவு. ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு சேர்த்துவிடுவார்கள், அங்கே ஆலோசனை, வக்கீல் உதவி, கூட ஒரு ஆள், ஐந்து நாள் வரை தங்க இடம். துணைக்கு ஆள் இல்லாத குடும்பத்துக்கு இந்தத் துணை பெரிய விஷயம். ஆனால் இளம் பெண்களை மனதில் வைத்துத்தான் அந்த ஏற்பாடு முழுக்க இருப்பது போல எனக்குப் பட்டது. கக்கூசுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக வேண்டிய கிழவியை அங்கே விட்டுவிட்டு வர முடியாது. முதியோருக்கென்றே இருக்கிற 14567 காலை எட்டு முதல் இரவு எட்டு வரைதான், அதைத் தகவல் கேட்கவும் முதியோர் இல்லம் பற்றிப் புகார் சொல்லவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இப்போதே வீட்டுக்குள் நிற்கிறான் என்றால் இது எதுவும் வேண்டாம், 112.

சம்பந்தி சொன்ன ஆர்.டி.ஓ. மனு இந்த விஷயத்துக்குத் தப்பான கதவு. 2007-ம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் ஜீவனாம்சத்துக்கும், கவனிக்கிறேன் என்று சொல்லி எழுதி வாங்கிய சொத்தைத் திரும்பப் பெறுவதற்கும் வந்தது. பாலியல் குற்றத்தை விசாரிக்கிற அதிகாரம் அந்தத் தீர்ப்பாயத்துக்கு இல்லை. ஆனால் செய்தவன் சொந்த மகனோ பேரனோ மருமகனோ, ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவனோ என்றால் கதையே வேறு. அங்கே எஃப்.ஐ.ஆர். மட்டும் போதாது, ஜாமீனில் வந்தால் அவன் வருவது அதே வீட்டுக்குத்தான். அப்போது 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கைகொடுக்கும்: பாலியல் துன்புறுத்தலும் அதற்குள் வருகிறது, தாயும் பாட்டியும் மனுப் போடலாம், அவனை வீட்டை விட்டு வெளியேற்றக் கோர்ட் உத்தரவு போடலாம். கிரிமினல் கேஸோடு சேர்த்தே போடலாம், இதா அதா என்று தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. வீடு அவன் பேரில் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால், அப்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் ஒரு நடை. கூலிக்கு வந்து கவனிக்கிற ஆளுக்கும், எங்கள் பங்காளியைப் போல வெளியே குடியிருக்கிறவனுக்கும் குடும்ப வன்முறைச் சட்டம் பொருந்தாது.

முதியோர் இல்லத்தில் நடந்தால்? உலக சுகாதார நிறுவனம் காட்டுகிற கணக்கில், வீட்டில் வாழ்கிற முதியோரில் ஓராண்டில் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னவர்கள் 0.9 சதவீதம், இல்லங்களில் 1.9. இரண்டுமே வாய் திறந்து சொன்னவர்களின் கணக்குத்தான். என் யோசனை, பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: நிர்வாகத்திடம் முதலில் சொல்லாதீர்கள். காய்ச்சல், சி.எம்.சி.யில் காட்ட வேண்டும் என்று ஏதாவது சொல்லி வெளியே கூட்டி வந்து ஆஸ்பத்திரியில் சேருங்கள், புகார் அங்கிருந்து போகட்டும். முதலில் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால், நீங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் விரிப்பு மாறிவிடும், ஷிப்டு ஆளும் மாறிவிடுவார். ஆஸ்பத்திரி ஊழியர், உறவினர், பொறுப்பிலும் நம்பிக்கையிலும் இருப்பவர் செய்தால் பி.என்.எஸ்.ஸில் அது கடுமையான வகை, குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் ஆயுள் முழுக்கச் சிறை. செய்தவர் மறதி நோய் முற்றிய இன்னொரு முதியவராகவே இருந்தால் தண்டனையை விட அறையைப் பிரிப்பதும் ஆள் போட்டுப் பார்ப்பதும்தான் அவசரம்.

தாத்தாவுக்கு நடந்தால் என்ன என்று கேட்டால், அங்கே சட்டம் கையை விரிக்கிறது. வன்கொடுமைப் பிரிவு பெண்களுக்கு மட்டும், ஆண்களுக்கு நடந்ததற்கும் பயன்பட்ட பழைய 377-வது பிரிவைப் புதிய சட்டத்தில் எடுத்தே விட்டார்கள். காயப்படுத்தியது போன்ற பிரிவுகளில்தான் போக வேண்டும். அவருக்கு ஊனம் இருந்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 92-வது பிரிவையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்பத்திரி முதலில் என்பது அவருக்கும் அப்படியே பொருந்தும்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. வயதானவர்கள் வழக்கில் எதிராளியின் வக்கீல் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: நாள் கடந்து போக வேண்டும். அதற்குள் மறதி வரலாம், பேச்சுப் போகலாம், ஆளே போகலாம். அதனால் மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலத்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். உடலிலோ மனத்திலோ ஊனம் உள்ளவர் என்றால் அதை வீடியோவில் பதிய வேண்டும், அதுவே பிறகு முதல் விசாரணைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படும், கூண்டில் நின்று திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை, குறுக்கு விசாரணை மட்டும்தான். எங்கள் ஆயாவின் பக்கவாதச் சான்றிதழ் இதற்குத்தான் பயன்பட்டது. மறதி இருப்பவர் சாட்சி சொல்லவே முடியாது என்பதும் சரியில்லை, கேள்வி புரிந்து பதில் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் கோர்ட் பார்க்கும். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, திரும்பத் திரும்பக் கேட்டுத் துளைக்காமல், அவர் தானாகச் சொல்கிற வார்த்தையை அப்படியே, தேதியும் மணியும் போட்டு, ஒரு நோட்டில் எழுதி வைப்பது. "ராத்திரி நாய் வந்துச்சு" என்றுதான் எங்கள் ஆயா முதலில் சொன்னாள். நான் அதைத் திருத்தி எழுதவில்லை, நாய் என்றே எழுதினேன்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பாதிக்கப்பட்டவரின் பெயர் தெரியும்படி வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. எங்கள் வீட்டில் ஒருத்தர் வருத்தம் தாங்காமல் போட்டோவோடு போட்டு, பத்து நிமிடத்தில் அழிக்க வைத்தோம்.

வக்கீல் செலவு பற்றிப் பயப்பட வேண்டாம், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம், 15100. இழப்பீட்டு மனுவும் அங்கேதான். நால்சாவின் (தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு) 2018 திட்டத்தில் பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் வரை இருக்கிறது, தீர்ப்பு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பெரிய மாமா இதற்கு மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, பணத்துக்காகச் செய்தோம் என்று ஆகிவிடுமாம். ஆயாவிடம் கேட்டேன். "குடுத்தா வாங்கு, கக்கூசை வீட்டோட சேத்துக் கட்டிக்கலாம்" என்றாள். ராத்திரியில் தோட்டத்துப் பக்கம் தனியாகப் போக வேண்டியிருப்பது அவளுக்குத்தானே தெரியும். மனு போட்டிருக்கிறோம்.

கேஸ் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் நடக்கிறது. வாய்தாவுக்கு நான் போகிறேன், இப்போதைக்கு ஆயா வர வேண்டியதில்லை என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் ஜாமீனில் இருக்கிறான், ஊருக்குள் வரக் கூடாது என்று நிபந்தனை. முதியோர் பணம் எடுக்க இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணோடு, டவுன் பஸ்ஸில், முன் சீட்டில் உட்கார்ந்து போகிறாள்.